பேர் குடித்த ஆப்பிள் மரம்

பழனி மலையின் மேற்கு மடிப்பில், மேகம் பசுமாடு மாதிரி வாசல் வரைக்கும் வந்து நின்று அசைபோட்டுவிட்டுப் போகிற நரிக்கானல் என்கிற ஊரில், செலஸ்தீனா என்ற பேர் ஒரு பெண்பிள்ளையை விட்டுக் கிளம்பிப்போய் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதும், அதைக் கீழே இறக்க அந்தப் பிள்ளையின் தாய்க்காரி பட்ட பாடும்தான் நான் சொல்லப்போகிறது. காது இருக்கிறவர்கள் கேளுங்கள், வேலை இருக்கிறவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

தாய்க்காரி, பெரியவீட்டு ஞானப்பிரகாசத்தின் பிளம்ஸ் தோட்டத்தில் களையெடுக்கிறவள். புருசன் மிக்கேல், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றின ஜீப்போடு பள்ளத்தில் போனவன். அப்போது பிள்ளை வயிற்றில். பெரியவீட்டுக்காரர்களும் வேதக்காரர்கள், தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயன் வீட்டுச் சனங்களும் வேதக்காரர்கள், கோயில் ஒன்று, சாமி ஒன்று, ஆனால் உட்காருகிற இடம் வேறு, புதைக்கிற இடம் வேறு. அதோடு அந்த ஊரில் இன்னொரு கட்டும் இருந்தது. பெரியவீட்டில் வைத்திருக்கிற பேரை லயனில் எவரும் பிள்ளைக்கு வைக்கக்கூடாது. எழுதி ஒட்டவில்லை, தண்டோரா போடவில்லை, ஆனால் யாரும் வைத்ததில்லை. இந்தத் தாய்க்காரிதான் வைத்தாள். வருசா வருசம் கல்லறைத் திருநாள் பூசையில், பெரியவீட்டு அய்யாவின் செத்துப்போன தாயார் பேரைச் சாமியார் நீட்டி வாசிக்கும்போது, கடைசி வரிசையில் முட்டிபோட்டிருந்த இவளுக்கு அது மணியடித்து அடங்குகிற சத்தம் மாதிரி இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த சாமியார், கைப்பிள்ளையோடு நின்றவளிடம் "என்ன பேர்?" என்று கேட்டார். வாய் முந்திக்கொண்டது. "செலஸ்தீனா, சாமி." அவர் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊற்றின தண்ணீரை வழித்தெடுக்க முடியுமா?

அந்தப் போகம் முழுக்க அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கங்காணி வந்து திட்டினான். "ஏன்டி, உலகத்துல உனக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்று லயன்காரர்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, கொஞ்ச நாளில் அவர்களே அவளைச் "செலஸ்தீனாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்ல அது அவர்கள் வாய்க்கும் இனித்தது. தோட்டத்தில் மட்டும் அவள் "ஏ களைக்காரி." அது எப்போதும்போல.

மரத்துக்கு வருகிறேன். பிள்ளை தவழ்கிற வருசம், குப்பைமேட்டு ஓரத்தில் களையோடு களையாக ஒரு செடி நின்றது. ஊர் பார்க்க வந்தவன் எவனோ கடித்துப் போட்ட சக்கையில் முளைத்ததோ, பறவை எச்சத்தில் விழுந்ததோ, யார் கண்டது. களைக்கொத்தை ஓங்கினவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் கன்றுக்குட்டிக் காது மாதிரி பூனைமயிர். ஓங்கின கை இறங்கிவிட்டது. "ஆப்பிள் நாத்துடி அது, விதையில வந்தது. தாய் ஒரு ருசி, பிள்ளை ஒரு ருசி. காடியாப் புளிக்கும், பன்னிகூடத் திங்காது, பிடுங்கிப் போடு" என்று கங்காணி சொன்னான். "அடுத்த வருசம் பிடுங்கிக்கலாம்ணே" என்றாள். அடுத்த வருசமும் அதையே சொன்னாள். அரிசி கழுவின தண்ணீரையும் பிள்ளையைக் குளிப்பாட்டின தண்ணீரையும் கொண்டுபோய் அதற்கு ஊற்றினாள். பிள்ளைக்குப் பல் முளைத்தபோது அதற்குக் கிளை பிரிந்தது. பிள்ளை பாவாடை கட்டினபோது அது இவள் தலைக்கு மேலே போயிற்று. பிள்ளை பெரியவளான வருசத்துக்கு மறுவருசம் பூத்தது. வெள்ளைப் பூவின் விளிம்பில் வெற்றிலை போட்ட உதடு மாதிரி ஒரு சிவப்பு.

பழம் கருஞ்சிவப்பு. கடித்தால் வேப்பம்பூ மாதிரி நாக்கு ஓரத்தில் முதலில் ஒரு கசப்பு தட்டும், துப்பலாமா என்று நினைக்கிறதற்குள் அந்தக் கசப்புக்கு அடியிலிருந்து ஓர் இனிப்பு எழும்பி வரும், அது தொண்டையில் இறங்கி வெகுநேரம் நிற்கும். தாயும் மகளும் ஆளுக்குப் பாதி தின்றுவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த மரத்தை வைத்து அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

ஏனென்றால் அடுத்த பழத்தை ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் கடித்தார். கடித்தவர் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். "அய்யா, இது என்ன ரகம்? எந்த மார்க்கெட்லயும் நான் கண்டதில்லையே" என்றார். ஞானப்பிரகாசம் குப்பைமேட்டு மரத்தை அன்றைக்குத்தான் முதல்தடவையாக அண்ணாந்து பார்த்தார். பார்த்தவுடனே "நம்ம ரகம்தான்" என்றார். மறுநாளே கம்பிவேலி வந்தது. ஆப்பிளில் அதே பழம் மறுபடி வேண்டுமானால் விதை போட்டுப் பயனில்லை, கிளைக்குச்சியை நறுக்கி நாற்றின்மேல் ஒட்டுக்கட்ட வேண்டும். ஒட்டுக்கட்டுகிற ஆட்கள் வந்தார்கள், சீவினார்கள், செருகினார்கள், கட்டினார்கள். பிளம்ஸ் மரங்களை வெட்டிப்போட்ட சரிவு முழுக்க ஒரே மரம் பல உடம்பாக நின்றது. ஒட்டுகள் காய்க்கிறதற்குள் மகளுக்குக் கல்யாண வயசு வந்துவிட்டது. தாய்க்காரி அந்த மரங்களுக்கும் களையெடுத்தாள்.

"பழத்துக்கு ஒரு பேர் வைங்கய்யா. பேரில்லாத சரக்கை எப்படி விக்கிறது?" என்றார் வியாபாரி. ஞானப்பிரகாசம் தாயார் பேரை வைப்பதென்று முடிவு செய்தார். தாயாரின் நினைவு நாளன்று பந்தல் போட்டார், பாட்டுப்பெட்டி வைத்தார், கறிச்சோறு போட்டார். சாமியார் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மலையேறி வருவார் என்பதால் உபதேசியார் வியாகுலத்தைக் கூப்பிட்டு, ஒரு செபம் சொல்லிப் பேரை அறிவித்தால் போதும் என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. நரிக்கானலில்தான் அப்படி ஒரு தப்பு நடக்கும். மழைக்காலத்தில் பாதை அறுந்து சாமியார் வரமுடியாத நாட்களில், பிழைக்குமோ பிழைக்காதோ என்று கிடக்கிற பச்சைப்பிள்ளைகளுக்கெல்லாம் குடிசை குடிசையாகப் போய்த் தண்ணீர் ஊற்றிப் பேர்கொடுத்தவர் வியாகுலம். ஆபத்துக்கு யார் ஊற்றினாலும் செல்லும் என்பது அவர்கள் வேதத்தில் உள்ளது. ஆயுசு பூராவும் அதைச் செய்த கை, செம்பைக் கையில் கொடுத்ததும் பழக்கத்தில் மரத்தூரில் மூன்றுதரம் சாய்த்தது. ஆயுசு பூராவும் அதைச் சொன்ன வாய், பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற அதே வாசகத்தை ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டது. மரம் தண்ணீரைக் குடித்தது. கூடவே பேரையும் குடித்தது.

மறுநாள் காலையில் தாய்க்காரி மகளை எழுப்ப வாயைத் திறந்தாள். நாக்கு அந்த இடத்துக்குப் போயிற்று. பல் விழுந்த இடம் மாதிரி அங்கே ஒரு பள்ளம். "அடியே" என்றாள். "ஏ புள்ள" என்றாள். பேர் வரவில்லை. அது மகளுடைய பேர் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் அவளைப் பார்த்துச் சொல்ல வாய் எழும்பவில்லை. மென்று முழுங்கிச் சொன்னாலும் காதில் பழத்தைச் சொன்னதாகத்தான் விழுந்தது. பெரியவீட்டுக் கல்லறையில் பளிங்கில் வெட்டின எழுத்து, பசு நக்கின உப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. ரேசன் கடை மிஷின் அந்தப் பிள்ளையின் விரலை ஏற்றுக்கொண்டது, பேர் இருக்கிற இடத்தை மட்டும் காலியாகக் காட்டியது. "விரல் இருக்குல்ல, போதும்" என்று கடைக்காரர் பாமாயிலைக் கொடுத்தனுப்பினார்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. மழை பெய்தால் குடையை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. "மிக்கேல் மக" என்றார்கள், "அந்தச் செவத்த புள்ள" என்றார்கள், ஒன்றும் தோன்றாதபோது கையைத் தட்டினார்கள். தாய்க்காரியைச் "செலஸ்தீனாம்மா" என்று கூப்பிடவும் வராமல் போய் அவளுக்கும் கைதட்டல்தான். ஊரில் இருந்த வேறு சிலருக்கு இதில் ஆதாயம் தேடுகிற புத்தி வந்தது. ஓட்டைவாயன் என்று பட்டப்பேர் வாங்கினவன், அதை மரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ராத்திரியும் பகலும் வேலியோரம் செம்போடு அலைந்தான். தண்ணீர் ஊற்றி வைத்த பேர் அல்லவே, மரம் தொடவில்லை. "எம்புருசன் சேத்துக்கிட்டவ பேரை அதுல ஊத்திவிடுங்க உபதேசியாரே, அவன் வாயில அவ பேரு வரக்கூடாது" என்று ஒருத்தி வந்து நின்றாள். "பேரு வராட்டி வழி மறந்துருமா தாயி?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் வியாகுலம். பழப்பெட்டி போன ஊர்களிலும் அந்தப் பேர்க்காரிகள் ஓரிருவர் திண்டாடினார்கள் என்று பேச்சு வந்தது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மாவை நோயாளிகள் மேசையைத் தட்டிக் கூப்பிட்டார்களாம்.

மகளுக்குப் பெட்டிக்கொட்டகையில் வேலை. பழத்தைத் துடைத்து, வைக்கோலில் அடுக்கி, மேலே தாளை ஒட்டவேண்டும். தாளில் பெரிய எழுத்தில் செலஸ்தீனா என்று அச்சடித்திருக்கும். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பசை தடவுவாள், ஒட்டுவாள், அடுத்த பெட்டியை இழுப்பாள். ஒருநாள் தாய்க்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் தோணலையாடி?" என்று கேட்டாள்.

"என்ன தோணணும்? பசைதான் கையில பிசுபிசுங்குது" என்றாள் மகள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள், "முந்தியெல்லாம் யாராவது கூப்பிட்டா முதுகுக்குத் தெரியும்மா. இப்ப முதுகு செவிடாயிருச்சு."

ஒரு வீட்டு விருந்தில் அவளுக்கு இலை போட மறந்தார்கள். கொட்டகை ஆள்களை வேனில் ஏற்றிக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனபோது அவளை விட்டுவிட்டுப் போனார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆளெண்ணும்போது பேரைச் சொல்லித்தானே எண்ணுவார்கள்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் மூட்டை தூக்குகிற சின்னப்பன், குடித்துவிட்டு, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு, வேலி தாண்டிக் குதித்து மரத்தூரில் சாராயம் கலந்த தண்ணீரை ஊற்றி, "உனக்கு ராக்கேல்னு பேரு வைக்கிறேன், போ!" என்று மாமியார் பேரைச் சொல்லிவிட்டான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தாய்க்காரியின் வாய் தன்னால் திறந்தது. "செலஸ்தீனா, கொடத்தை எடுடி!" குழாயடியே திரும்பிப் பார்த்தது. மகள் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு ஓடிவந்தாள். "இன்னொருக்கா சொல்லும்மா." சொன்னாள். "இன்னொருக்கா." சொன்னாள். அன்று லயனில் அத்தனை பேரும் வேலை மெனக்கெட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கிழவர்கள் கூப்பிட்டு "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார்கள். ராக்கேல் மட்டும் பேரில்லாமல் உட்கார்ந்து மருமகன் வம்சத்தையே வைதுகொண்டிருந்தாள். அச்சடித்த தாள்களில் எழுத்து மாறி நின்றது. பொழுது சாய்கிறதற்குள் ஞானப்பிரகாசம் வியாகுலத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பழைய பேரையே மறுபடி ஊற்றவைத்தார். ராக்கேலுக்குப் பேர் திரும்பியது. செலஸ்தீனா மறுபடி பழமானது. மரத்துக்குக் காவல்காரன் ஒருவனும் வந்தான்.

தாய்க்காரி அப்போதுதான் முதல்தடவையாகப் பெரியவீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"அய்யா, எம்மக பேரு…"

"உம்மக பேரா? அது எங்கம்மா பேரு. கேக்காம எடுத்தவ நீ. இப்பப் போயிருச்சுன்னு எங்கிட்டயே வந்து நிக்கிற."

"உங்கம்மா பேருந்தான அய்யா போச்சு. கல்லறை வெறுங்கல்லாக் கெடக்கு. பூசையில வாசிக்கப் பேரில்ல. அவங்களுக்காகவாவது…"

ஞானப்பிரகாசம் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. அவரும் தாய் பெற்ற பிள்ளைதான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மா செத்துட்டாங்க. பழம் விக்குது. போ, போய் வேலையைப் பாரு."

இந்த நேரத்தில்தான் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தான். வத்தலக்குண்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அமலதாஸ். நல்ல பையன், கெட்ட பழக்கம் இல்லை. கொட்டகைக் கதவைப் பற்றவைக்க வந்த இடத்தில் பார்த்து, கேட்டு, பிடித்துப்போயிற்று. ஆனால் அவர்களில் கல்யாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கு இன்னார் மகள் இன்னாரைக் கொடுக்கிறார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரறியச் சொல்லவேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலையைக் கையில் எடுத்தார், "காலஞ்சென்ற மிக்கேலின் மகள்…" என்று வந்தார், நின்றார். எழுதின இடத்தில் மை ஊறிக் காய்ந்து வெறும் தாளாகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஓலையை மடித்துவிட்டார். "பேரில்லாம நான் யாரை யாருக்குக் கட்டிவைக்கிறது? பேரைக் கொண்டாங்க, வாசிக்கிறேன்" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் மோட்சமேரிக்கு அது பெரிய குறையாகப் போயிற்று. கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க பக்கம் சொந்தபந்தம் பெரிசு சம்பந்தி. பேரில்லாத பொண்ணை எடுத்துட்டு வந்தேன்னா என்னை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேப்பாங்க. பத்திரிகையில என்ன போடுறது? மிக்கேல் மகன்னா? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பேரு வந்தாப் பாக்கலாம். வராட்டி மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." மகள் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடாததால் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய்க்காரி உபதேசியார் வீட்டுக்குப் போனாள். வியாகுலம் அந்தக் காரியத்துக்கப்புறம் சரியாகச் சாப்பிடாமல் துரும்பாகியிருந்தார்.

"வேற பேரை ஊத்துனா இவ பேரு எறங்கிருது. சின்னப்பன் செஞ்சதுதான். ஆனா அய்யா திருப்பி ஊத்திட்டாரு. ஊத்துனா நிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா உபதேசியாரே?"

அவர் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். "ரோசனை பண்ணிப் பாத்தேன் தாயி. அய்யா ஊத்துனது அவரு அம்மா பேரு. சின்னப்பன் ஊத்துனது மாமியா பேரு. ரெண்டும் அடுத்தவங்க பேரு, எடுத்துக் குடுத்தது. எடுத்துக் குடுத்ததை எவனும் அழிச்சு எழுதலாம். ஒருத்தர் தன் பேரைத் தன் வாயால குடுத்தா அதை அழிக்க முடியாதுன்னு எனக்குப் படுது. ஆனா குடுத்தவங்களுக்கு அது திரும்பாது."

"நீங்க குடுப்பீங்களா?" அவள் வாய் தவறிக் கேட்கவில்லை, நேராகத்தான் கேட்டாள். "உங்க கையால நடந்ததுதான?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "வியாகுலம்னு துக்கத்தைப் பேரா வச்சா அந்தப் பழத்தை எவன் வாங்குவான் தாயி?" சொல்லிவிட்டு எழுந்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பை மறுபடி ஊத ஆரம்பித்தார். அவள் புறப்பட்டு வருகிறவரைக்கும் ஊதிக்கொண்டேயிருந்தார்.

லயனிலும் கேட்டுப்பார்த்தாள். கேட்காமல் எப்படி? ஒருத்தி, "எம்புருசன் துபாய்ல இருந்து போன்ல என் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும்க்கா" என்றாள். இன்னொருத்தி, "என் பேருல எங்க அத்தை நெலம் எழுதி வச்சிருக்கு" என்றாள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் பேருக்கு ஒரு வேலை இருந்தது. அவள் தன் பேருக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். தோட்டத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மிக்கேல் இருந்தவரைக்கும் "இந்தா" என்பான். மற்றவர்களுக்கு அவள் பிள்ளையைச் சொல்லித்தான் அம்மா. வேலையில்லாமல் கிடக்கிற பொருளைக் கொடுப்பதில் என்ன நட்டம் என்று நினைத்தாள்.

காவல்காரனுக்கு அவள்மேல் சந்தேகம் வரவில்லை. களைக்காரி வேலிக்குள் போனால் களையெடுக்கத்தானே போவாள். அவன் மத்தியானச் சோற்றைப் பிரித்த நேரத்தில் அவள் குடிக்கிற தண்ணீர் வாளியோடு பெரிய மரத்தடிக்குப் போனாள். அவள் வெட்டாமல் விட்ட மரம். குனிந்தவளுக்குத் திடீரென்று தன் பேர் கேட்டது. அவளுடைய அப்பன், மாடு மேய்க்கிற காலத்தில், எதிர்மலையில் நின்றுகொண்டு கையைக் குவித்து, கடைசி எழுத்தை நீட்டி நீட்டி, கானல் காட்டுக்கு இந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த இவளைச் சோறு தின்னக் கூப்பிடுகிற சத்தம். மலை அதை வாங்கி இன்னொரு தரம் கூப்பிடும். பேருக்கு இருந்த வேலை அதுதான். அது இத்தனை வருசமும் உள்ளே இருந்துகொண்டு யாரும் பார்க்காமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. தூக்கின வாளியைத் தரையில் வைத்துவிட்டாள்.  பிறகு, மகள் தூணோரம் நின்ற நிற்பை நினைத்துக்கொண்டு வாளியை எடுத்து, மூன்றுதரம் சாய்த்து, தன் பேரைத் தன் வாயால் சொன்னாள்.

அந்தப் பேரை அவளைப் பார்த்துச் சொல்ல எனக்கும் வாய் வராது. பழத்தின் பேராகத்தான் சொல்லமுடியும். அதனால்தான் முதலிலிருந்தே தாய்க்காரி என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்தப் பழம் அன்றைக்கு மத்தியானத்திலிருந்து சவரியாயி.

ஞானப்பிரகாசம் குதித்தார். "சவரியாயியா? எவடா அவ சவரியாயி? களையெடுக்கிறவ பேரு மாதிரில்ல இருக்கு!" என்று கத்தினார். குடம் குடமாகத் தாயார் பேரை ஊற்றவைத்தார். தண்ணீர் தூரில் படாமல் தாமரை இலையில் ஓடுகிற மாதிரி ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. சாமியாரைக் கூப்பிட்டார், அவர் "மரத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்றார். கடைசியில் வியாபாரிதான் சமாதானம் சொன்னார். "விடுங்கய்யா, பேரு எதுவா இருந்தா என்ன, நாக்குக்கு எழுத்தா தெரியப்போகுது?" புதுத்தாள் அச்சடித்தார்கள். அந்த வருசத்துப் பழக்காட்சியில் சவரியாயி ரகத்தை உண்டாக்கினதற்காக ஞானப்பிரகாசத்துக்கு மாலை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். பெரியவீட்டுக் கல்லறையில் எழுத்து தானாக ஏறிக்கொண்டது. தோட்டத்தில் தாய்க்காரியிடம் எது குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "ஏ களைக்காரி" என்றார்கள், போனாள். எப்போதும்போல.

மோட்சமேரி கெடு வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலையைப் பிரித்தார். கடைசி வரிசையில் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முட்டிபோட்டிருந்தாள். "காலஞ்சென்ற மிக்கேலுக்கும் அவர் மனைவிக்கும் பிறந்த செலஸ்தீனாவை…" என்று வாசித்தார். தடங்கல் இல்லை. அவர் மனைவிக்கும் என்கிற இடத்தில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, மகள்கூட. மகள் தன் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் மலர்ந்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் தாய்க்காரி அப்பன் கூப்பிடுகிறதை நினைத்துப் பார்த்தாள். எதிர்மலையில் அவர் நிற்கிறார். கையைக் குவிக்கிறார். வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை. மலையும் சும்மா இருந்தது.

கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து, மகளைப் பார்க்கப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினாள். மோட்சமேரி நல்லபடியாகத்தான் வரவேற்றாள். நாற்காலி போட்டாள், மின்விசிறியைப் போட்டாள். சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அடியே சின்னவளே, காப்பி கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் மோட்சமேரி.

"யாரைச் சொல்றீங்க சம்பந்தி?"

"உங்க மகளைத்தான். எம்மூத்த மருமக பெரியவ, இவ சின்னவ. இந்த வீட்டுல அப்படித்தான்."

"பேரு இருக்கே."

"ஆமா, இருக்கு" என்று மோட்சமேரி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். "அத நீட்டி மொழக்கிக் கூப்பிடுறதுக்குள்ள காப்பி ஆறிரும். அதெல்லாம் ஓலைக்கும் பத்திரிகைக்கும் சம்பந்தி. வீட்டுக்குள்ள எதுக்கு?"

மாப்பிள்ளை வாசலை ஒட்டின பட்டறையிலிருந்து வந்தான். அத்தையை வாங்க என்று கேட்டான். உள்ளே பார்த்து, "இந்தா, தண்ணி" என்றான். மகள் தண்ணீரும் காப்பியும் கொண்டுவந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் சட்டென்று வந்து நின்றாள். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. சோறு தின்கிறாள், சிரிக்கிறாள். அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. தாய்க்காரி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆடை படிகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். மகள் அதற்குள் கொல்லைப்பக்கம் பாத்திரம் விளக்கப் போயிருந்தாள். தாய்க்காரி நடுக்கூடத்தில், அத்தனை பேர் மத்தியில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"செலஸ்தீனாஆஆ!"

பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி சன்னலைத் திறந்தாள். பட்டறையில் வேலைப்பையனின் சுத்தியல் நின்றது. கொல்லையில் பாத்திரம் உருண்டது. சாம்பல் கையோடு மகள் ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள், மூச்சு வாங்கியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி" என்றாள். "சும்மா கூப்பிட்டேன்."